அம்மி அரைத்த மகாராஜா

வெகு காலத்துக்கு முன்னால் செங்கரை நாட்டைக் கொற்றவேள் என்றொரு ராஜா ஆண்டு வந்தார். நல்லவர்தான். ஆனால் எந்த நேரத்தில் என்ன உத்தரவு போடுவார் என்று அவருக்கே தெரியாது. மழை தாமதமானால் மேகத்தைப் பிடித்து வரச் சொல்லிக் குதிரைப்படையை அனுப்புவார்!

அப்பேர்ப்பட்ட ராஜா ஒருநாள் சபையில் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"என் மகள் செங்கமலம் என்னை 'மகாராஜா' என்று கூப்பிடுகிறாள், ஐயா! 'உத்தரவு மகாராஜா, வருகிறேன் மகாராஜா!' வாயிற்காவலன்கூட இன்னும் கொஞ்சம் ஒட்டுதலாகப் பேசுவான். ஏழு வயசுப் பிள்ளை! தங்க ஊஞ்சல் கொடுத்தேன். பேசும் கிளி கொடுத்தேன். கிளி என்னை 'அப்பா' என்கிறது, அவள் சொல்ல மாட்டேன் என்கிறாள்!"

யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள்.

பிரதானி தாண்டவராயர் சட்டென்று எழுந்தார். மந்திரி நல்லசிவரின் ஆசனத்தின்மேல் நெடுநாளாகக் கண் வைத்திருப்பவர் அவர். "பிரபு, பௌர்ணமிக்குள் மந்திரி இளவரசியை 'அப்பா' என்று சொல்ல வைக்கட்டும். முடியாவிட்டால் பதவியைத் தகுதியானவருக்குக் கொடுங்கள்."

"அந்தத் தகுதியானவர் இப்போது நின்றுகொண்டிருக்கிறாரோ?" என்றார் நல்லசிவர்.

சபை கொல்லென்று சிரித்தது. ராஜாவுக்கோ பந்தயம் பிடித்துப்போயிற்று. "அப்படியே ஆகட்டும்!"

மறுநாள் மந்திரி ஒரு செப்புக் கிண்ணத்தோடு வந்தார். "அபூர்வ மருந்து, அரசே. தினமும் பொழுது சாய்ந்ததும் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தகப்பனே அம்மியில் அரைக்க வேண்டும். பதம் பிள்ளைதான் சொல்ல வேண்டும். நடுவில் எழுந்தால் மருந்து முறிந்துவிடும்."

சமையல்கட்டு எந்தத் திசையில் இருக்கிறதென்றே அறியாத ராஜா, கிரீடத்தைக் கழற்றிவிட்டு அம்மி முன்னால் உட்கார்ந்தார். குழவியைச் செங்கோல் போல ஒரு கையால் நிமிர்த்திப் பிடித்தார். செங்கமலம் தள்ளி உட்கார்ந்து பார்த்தாள். வாயே திறக்கவில்லை. அடுத்த நாளும் அதே கதைதான்.

அதற்கும் அடுத்த மாலை தாண்டவராயர் மூச்சிரைக்க வந்தார். "பிரபு, அயல்நாட்டுத் தூதர் காத்திருக்கிறார்!"

பழக்கதோஷத்தில் ராஜா எழப்போனார்.

"போய் வாருங்கள், மகாராஜா," என்றாள் செங்கமலம், முகத்தைத் திருப்பிக்கொண்டு. "பல் விழுந்ததைக் காட்ட வந்தபோதும் தூதர்தான் வந்திருந்தார்."

ராஜாவுக்கு நெஞ்சில் சுருக்கென்றது. மருந்து முறிவதெல்லாம் அப்போது அவர் ஞாபகத்திலேயே இல்லை. "தூதரைச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கச் சொல்லும்," என்று ராயரை அனுப்பிவிட்டு மறுபடி உட்கார்ந்தார்.

"எந்தப் பல்? காட்டு."

அவள் வாயைத் திறந்தாள். அந்த இடத்தில் புதுப் பல்லே முளைத்துவிட்டிருந்தது.

"வலித்ததா?"

"இல்லை. பயமாகத்தான் இருந்தது."

ராஜா சட்டென்று அம்மி பக்கம் திரும்பினார். குழவியை வேகவேகமாகத் தள்ளினார்.

"ஐயோ, அப்பா! விரல் நசுங்கிவிடும்! இரண்டு கையாலும் பிடியுங்கள், இப்படி!"

சின்னக் கைகள் அவர் கையைப் பற்றின. ராஜா தலையைக் குனிந்துகொண்டார். ஒரு சொட்டுக் கண்ணீரும் மருந்தோடு சேர்ந்து அரைபட்டது.

பௌர்ணமியன்று தாண்டவராயர் சபைக்குள் பாய்ந்து வந்தார். "மோசடி, பிரபு! வைத்தியரிடம் காட்டிவிட்டேன். அந்த மருந்து அபூர்வமே இல்லை. சுக்கும் ஏலக்காயும் கருப்பட்டியும்!"

"ஆமாம், பிள்ளைகளுக்குக் கசப்பு பிடிக்காதே," என்றார் நல்லசிவர்.

"அப்படியானால் இளவரசி குணமானது எப்படி?"

"இளவரசிக்கு என்ன நோய்? மருந்து அரைத்தவருக்குத்தான் நோய்."

ராஜாவின் மீசை துடித்தது. அடுத்த கணம் வயிறு குலுங்கச் சிரித்து, தம் முத்துமாலையைக் கழற்றி மந்திரி கழுத்தில் போட்டார். பிறகு திரும்பினார்.

"ராயரே, உமக்குப் பிள்ளைகள் உண்டா?"

"ஒரே மகன், பிரபு."

"கடைசியாக எதற்கு அழுதான்?"

"தெரியவில்லை, பிரபு."

அன்று ராஜா சீக்கிரமே சபையைக் கலைத்தார். படியிறங்கும்போது பின்னால் தயங்கித் தயங்கி ஒரு காலடிச் சத்தம். ராயர்தான். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் கேட்டார்:

"பிரபு, கருப்பட்டி வீட்டிலேயே இருக்கிறது. அந்தக் குழவியை மட்டும் எப்படிப் பிடிக்க வேண்டும்?"

"அதை உம் மகனிடம் கேளும்!" என்று சொல்லிவிட்டு ராஜா அந்தப்புரத்தைப் பார்த்து ஓடினார்.