பாறை மேல் நின்ற ஆள்காட்டிக் குருவி

செம்பாறைக் காட்டின் காவல் இலாகாவில் ஆள்காட்டிக் குருவிக்கு வேலை கிடைத்தது. முதல் வேலை! அதற்குக் கால் தரையில் பாவவில்லை.

"ஐயா, என்ன செய்யணும்னு சொல்லிக் கொடுங்க!" என்று இலாகாத் தலைவர் கரடியிடம் கேட்டது.

கரடி தேனடையை நக்கியபடியே சிரித்தது. "உங்க குலமே கத்துறதுக்குப் பேர் போனது! உனக்குப் பயிற்சியா? பாறை மேல போய் நில்லு. ஆபத்து வந்தா கத்து. அவ்வளவுதான்!"

அன்று மாலையே புல்லுக்குள் மலைப்பாம்பு ஒன்று நெளிந்து வந்தது. குருவி தன் பாட்டன் பூட்டன் கத்திய மாதிரியே விட்டுவிட்டுக் கத்தித் தீர்த்தது.

அந்தக் காட்டில் விட்டுவிட்டுக் கத்தினால் கழுகு வருகிறது, வளைக்குள் ஓடு என்று அர்த்தம். ஒரே மூச்சில் நீளமாகக் கத்தினால் பாம்பு வருகிறது, வளையை விட்டு வெளியே ஓடு என்று அர்த்தம். பாவம், குருவிக்கு அது எங்கே தெரியும்? முயல்கள் குடுகுடுவென்று வளைக்குள் ஓடின. பின்னாலேயே பாம்பும் நுழைந்தது! நல்லவேளை, வளைக்குப் பின்வாசல் இருந்தது. கடைசிக் குட்டி வால் முடியைப் பறிகொடுத்துவிட்டுத் தப்பியது.

"குருவியை வேலையை விட்டு அனுப்புங்க!" என்று காடே கூச்சல் போட்டது. கரடியும் தலையாட்டியது. குருவிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

குறுக்கே வந்தது யார் தெரியுமா? அந்தக் குட்டியின் தாய் முயல்தான்!

"இதை அனுப்பிட்டு இன்னொண்ணை இதே மாதிரி நிறுத்துவீங்க! அப்புறம் என் குட்டி மொத்தமாப் போகும்! முதல்ல வேலையைச் சொல்லிக் கொடுங்க கரடியாரே! நாங்க ஓடுற வளையை நீங்களாவது பார்த்திருக்கீங்களா?"

"அதுக்கென்ன, இப்பவே பார்க்கிறேன்!" என்று கரடி வளைக்குள் தலையை விட்டது. தலை மாட்டிக்கொண்டது! எல்லாரும் சேர்ந்து இழுத்தார்கள். முகமெல்லாம் மண்ணாக வெளியே வந்த கரடியைப் பார்த்துக் குருவிக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"உள்ளே மாட்டினா என்ன பாடுன்னு இப்பத்தான் தெரியுது. தப்பு என்னோடது!" என்றது கரடி.

மறுநாளே பயிற்சி தொடங்கியது. குருவி ஒவ்வொரு வளையாகப் புகுந்து பார்த்தது. கழுகுக்கு ஒரு குரல், பாம்புக்கு ஒரு குரல் என்று தொண்டை வற்றக் கத்திப் பழகியது.

மலைப்பாம்பு மறுபடி வந்தது. குருவி ஒரே மூச்சில் நீளமாகக் கத்தியது. அடுத்த நொடி முயல்கள் எல்லாம் வெட்டவெளியில்! காலி வளைக்குள் போன பாம்பு காலி வயிற்றோடு திரும்பியது.

"நம்ம குருவி! நம்ம குருவி!" என்று முயல்கள் பாறையைச் சுற்றிக் குதித்தன. கரடி தன் தேனடையில் பாதியைப் பிய்த்துக் குருவிக்கு நீட்டியது.

புதிதாக வந்தவருக்கு எவ்வளவு திறமை இருந்தாலும், அந்த இடத்து வேலையை முதலிலேயே சொல்லிக் கொடுத்தால்தான் அது ஊருக்கு உதவும்.