மூழ்கிச் செத்த மீன்

எந்தக் காலம் என்று கேட்காதீர்கள், எனக்கும் தெரியாது. ஆம்பலூர் நாட்டைச் செண்பகமாறன் என்றொரு ராஜா ஆண்டுகொண்டிருந்தார். நல்லவர்தான், ஆனால் நேரத்துக்கு ஒரு புத்தி. கொஞ்ச நாளாக ராத்திரி தூக்கம் வராமல் புரண்டுகொண்டிருந்தவர், "மீன் நீந்துவதைப் பார்த்தால் தூக்கம் வருமாமே" என்றார். உடனே மந்திரி கூத்தபிரான், சடையன் என்ற மீன்காரனிடம் பனையேறிக் கெண்டைகள் வாங்கிவரச் செய்தார். உள்ளங்கை அகல மீன்தான், ஆனால் படு துடியானது.

அரண்மனை அதிகாரி ஆபத்சகாயத்துக்கு இது பொறுக்கவில்லை. மந்திரிக்கு நல்ல பெயர் வந்தால் அந்த மனுஷனுக்குச் சோறு இறங்காது. "மீன்களை என் பொறுப்பில் விடுங்கள் மகாராஜா, காலையில் நல்ல நேரம் பார்த்துத் திறக்கலாம்" என்று வாங்கிக்கொண்டார். பானை விளிம்புவரை தண்ணீர், மேலே இறுக்கமான மூடி, சுற்றிலும் களிமண் பூச்சு. விடிந்ததும் ராஜா ஆசையாகத் திறந்தால் அத்தனையும் செத்துக் கிடந்தன.

"சாகப்போகிற மீனைச் சடையன் நம் தலையில் கட்டிவிட்டான், மகாராஜா. மந்திரியும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கியிருக்கிறார்" என்றார் ஆபத்சகாயம்.

ராஜாவுக்கு வந்ததே கோபம். சடையனை மொட்டையடித்து நாடு கடத்தச் சொல்லிவிட்டார். அவன் பெண்டாட்டி பூவாயி, மிச்ச மீன்களை ஈர வைக்கோல் கூடையோடு தூக்கிக்கொண்டு சபைக்கே ஓடிவந்தாள்.

"சாமி, இதுங்களும் நேத்துப் பிடிச்சதுதான், ஒண்ணுகூடச் சாகலை. இவரை அனுப்பிட்டா நானும் பிள்ளைகளும் எங்கே போவோம்?" என்று அழுதாள். பாவம், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மந்திரி மட்டும் பானையை எட்டிப் பார்த்தார். பிறகு பரம சாதுவாகக் கேட்டார்: "மகாராஜா, காற்றே புகாமல் இதை இவ்வளவு அழகாக மூடியது யார்? அவருக்குத் தக்க மரியாதை செய்யவேண்டும்."

ஆபத்சகாயம் மீசையைத் தடவினார். "வேறு யார்? என் கையாலேயே பூசினேன். ஊசி நுழைய இடம் கிடையாது."

"அப்படியானால் விஷயம் முடிந்தது. மீன்கள் தண்ணீரில் மூழ்கிச் செத்திருக்கின்றன."

சபை கொல்லென்று சிரித்தது. ராஜா சிரிக்கவில்லை. "மீன் மூழ்குமா? நிரூபியும். இல்லாவிட்டால் சடையனோடு நீரும் கிளம்பும்."

மந்திரி கூடையிலிருந்து ஒரு மீனை எடுத்துத் தரையில் விட்டார். அது செவுள் மூடிகளை விரித்து ஊன்றி ஊன்றி, நேராக ஆபத்சகாயத்தின் ஆசனத்தை நோக்கி நடந்தது. அவர் இரண்டு காலையும் தூக்கி மேலே வைத்துக்கொண்டார்.

இன்னொரு மீனைப் பளிங்குப் பாத்திரத்தில் விட்டு, அது மேலே வரமுடியாதபடி தண்ணீருக்குள்ளேயே ஒரு மெல்லிய துணியை இழுத்துக் கட்டச் செய்தார். மீன் துணியை முட்டியது. திரும்பத் திரும்ப முட்டியது. நேரம் ஆக ஆகத் துள்ளல் தளர்ந்து, உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

பார்த்துக்கொண்டிருந்த ராஜா தன்னையறியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டார். பொறுக்கமாட்டாமல் எழுந்துபோய்த் துணியைப் பிய்த்து எறிந்தார். மீன் மேலே வந்து, வாயைத் திறந்து ஒரு மடக்குக் காற்றைக் குடித்துவிட்டு, ஜம்மென்று நீந்தப் போய்விட்டது.

"அப்பாடா" என்றார் ராஜா. சபையே அப்பாடா என்றது.

"இந்த ஜாதி மீனுக்குச் செவுள் மட்டும் போதாது, மகாராஜா. அடிக்கடி மேலே வந்து காற்றுக் குடிக்கவேண்டும். குளம் வற்றினால் மழை ஈரத்தில் அடுத்த குளத்துக்கு நடந்தே போய்விடும். அதையும் கொல்லலாம், அக்கறையாக மூடிவைத்தால்."

ராஜா மெல்லத் திரும்பினார். "ஓய் ஆபத்சகாயம், என் பள்ளியறை ஜன்னல்களை அடைத்தது யார்?"

"மகாராஜாவுக்குப் பனிக்காற்று ஆகாதே என்று... அடியேன்தான்."

"எதை வைத்து அடைத்தீர்?"

"களிமண்தான், பிரபு. ஊசி நுழைய..." என்றவர் அதோடு நிறுத்திக்கொண்டார்.

மந்திரிக்குச் சால்வை கிடைத்தது. சடையனுக்கு ஏரியில் வரியில்லாமல் மீன் பிடிக்கும் உரிமை கிடைத்தது. தலைமுடியோடு வெளியே வந்தவனைப் பார்த்ததும் பூவாயிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. ஆபத்சகாயம் அன்று முழுக்க உளியும் கையுமாக ஜன்னல் களிமண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

மறுநாள் வெயில் ஏறியும் ராஜா எழுந்திருக்கவில்லை. குறட்டைச் சத்தம் மட்டும் திறந்த ஜன்னல் வழியாகக் கடைவீதி வரை கேட்டது.