மூன்றாவது கியர்பாக்ஸ்

"அம்மணி, இந்த மூணுல எது எம்பட வண்டிக்குச் சேரும்?" என்று கேட்டான் செங்கோடன்.

கேட்டவன் சீடன். வயது ஐம்பத்து நான்கு. குரு பாவாயிக்கு முப்பத்தெட்டு. சங்ககிரிக்கு வெளியே ஒரு தகரக் கொட்டகையில் லாரிகளுக்கு எஞ்சின் மாற்றுவது அவள் தொழில்.

முப்பது வருடம் லாரி ஓட்டியவன், முதன்முறையாகத் தன் கையாலேயே எஞ்சின் மாற்றக் கிளம்பியிருந்தான். ஆசை யாரை விட்டது? பழைய வண்டிக்குப் பெரிய எஞ்சின் கிடைத்துவிட்டது. தோதான கியர்பாக்ஸ்தான் பாக்கி.

கொட்டகையில் மூன்று கியர்பாக்ஸ்கள், இரும்பு ஸ்டாண்டுகளின் மேல் லீவரோடு நின்றன.

"நீங்களே பாருங்கணா," என்றாள் பாவாயி.

அவன் அளந்தான். எஞ்சினோடு சேரும் முகத்தில் போல்ட் ஓட்டைகளை எண்ணினான். தண்டின் பற்களை எண்ணினான். கிளட்ச் தட்டை மாட்டி மாட்டிக் கழற்றினான். நடுப்பகல் வெயிலில் சட்டை நனைந்துவிட்டது.

"மூணுமே சேருதுங்க."

"எஞ்சினுக்குச் சேருது. வண்டியில யாரெல்லாம் இருப்பாங்க?"

"நானு. கிளீனர் நின்னுட்டான். அதனால பாப்பாத்தி கூட வர்றா."

பாப்பாத்தி அவன் மனைவி. வெளியே நின்ற லாரியின் கேபினில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

பாவாயி முதல் கியர்பாக்ஸின் முன் ஒரு முக்காலியைப் போட்டாள்.

"உக்காருங்க. கண்ண மூடிக்கோங்க. பத்து டன்னு லோடு. மலையில இருந்து எறக்குங்க."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் உட்கார்ந்து லீவரைப் பிடித்தான்.

"எங்க இருக்கீங்க?"

"உச்சியில. செக்போஸ்ட்டத் தாண்டிட்டேன்."

"இப்ப?"

"எறக்கம் வந்துருச்சு."

கை தானாகவே லீவரை நடுவுக்குக் கொண்டுவந்தது. நியூட்ரல்.

லாரிக்காரர்கள் சிலருக்கு உள்ள பழக்கம் இது. டீசல் மிச்சம் என்று இறக்கத்தில் கியரை எடுத்துவிட்டு வண்டியை உருள விடுவார்கள். அப்போது எஞ்சின் பிடித்து இழுக்காது. பத்து டன்னும் பிரேக்கை நம்பித்தான் இறங்கும்.

பாவாயி இரண்டாவது கியர்பாக்ஸைக் காட்டினாள். அதிலும் இறக்கம் வந்ததும் நியூட்ரல்தான்.

"மூணாவதுல நீங்களே எறக்குங்க," என்று சொல்லிவிட்டு நகர்ந்தாள்.

செங்கோடன் கண்ணை மூடினான். உச்சி. செக்போஸ்ட். இறக்கம். லீவரை நடுவுக்கு இழுத்தான்.

முதல் வளைவு. இரண்டாவது வளைவு.

மூன்றாவது வளைவில் பிரேக் கருகும் வாடை வந்தது. எங்கோ ஏதோ எரிகிறது என்று நினைத்துக்கொண்டான்.

அவன் கை மேல் ஒரு கை வந்து படிந்தது. சில்லென்று இருந்தது. அது அழுத்தியது. லீவர் டக்கென்று இரண்டாவது கியரில் விழுந்தது.

"விடுங்க அம்மணி. நானே போட்டுக்குவேன்."

"எதைங்கணா?"

குரல் வாசலிலிருந்து வந்தது.

அவன் கண்ணைத் திறந்தான். பாவாயி பத்தடி தள்ளி, டீ டம்ளரோடு நின்றாள். பக்கத்தில் யாருமில்லை. கியர்பாக்ஸின் பின்தண்டு, சுற்றிவிட ஆளில்லாமல், மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. பிறகு நின்றது.

அவன் எழுந்து ஓடியிருக்கலாம். ஆனால் முப்பது வருட டிரைவர், எதையும் இன்னொரு தடவை பார்க்காமல் நம்பமாட்டான். கண்ணைத் திறந்தபடியே நியூட்ரலுக்கு இழுத்தான்.

அந்தக் கை மறுபடி வந்தது. பட்டப்பகலில், அவன் பார்த்துக்கொண்டிருக்கவே, லீவர் இரண்டாவதுக்குப் போனது.

"நாலு வெரல்தான் படுதுங்க," என்றான். "சுண்டுவெரல் இல்ல."

பாவாயியின் டம்ளர் பாதியில் நின்றது.

"ஃபேன் பெல்ட்டுல போயிருச்சு. கல்யாணத்துக்கு முந்தியே."

"யாருக்குங்க?"

"எங்கூட்டுக்காரருக்கு. அவரு வண்டியோட பாக்ஸுதான் அது. அவரும் உங்களாட்டத்தான் எறக்குவாரு. அப்படித்தான் போய்ச் சேந்தாரு. நாலு வருசமாச்சு."

கொட்டகைத் தகரம் வெயிலில் படபடத்தது.

"வேற யாரும் கேக்கலீங்களா?"

"கேட்டாங்க. உங்களாட்டவே எறக்கிப் பாத்துட்டு, நியூட்ரல்ல நிக்க மாட்டேங்குது, கெட்டுப்போன பாக்ஸுன்னு போயிட்டாங்க. மொத ரெண்டும் நல்லா நிக்கும். எது வேணுமோ எடுத்துக்கோங்க."

செங்கோடன் வெளியே பார்த்தான். பாப்பாத்தி உருவிய கீரைக் காம்புகளை ஜன்னல் வழியே வீசிக்கொண்டிருந்தாள். இரண்டு வருடமாக அந்த சீட்டில்தான் அவள் தூக்கமும். இறக்கத்தில் தலை ஆடி ஆடித் தூங்குவாள்.

"மூணாவதுதான் சேருதுங்க," என்றான்.

பாவாயி வந்து, லீவரில் இருந்த எண்ணெய்ப் பிசுக்கை முந்தானையால் துடைத்தாள். வெகு நேரம் துடைத்தாள்.

அவனுக்கு மனசு கேட்கவில்லை.

"அம்மணி, இதைக் குடுக்க எப்படிங்க மனசு வருது? நீங்க தெனமும் தொட்டிருப்பீங்களே."

"தெனமும்தான் தொடறேன். ஒரு தடவ கூட அந்தக் கை எங்கிட்ட வந்ததில்லீங்கணா."

"ஏனுங்க?"

"நான் எறக்கத்துல கியர எடுத்ததே இல்லீங்களே."