முட்டி வலி என்றாள்

தணிகாசலத்துக்கு வயது ஐம்பத்தொன்று. அவருடைய குருவுக்கு முப்பத்தாறு. சிரிக்காதீர்கள். விஷயம் தெரிந்தவர் அந்தம்மா, தெரியாதவர் இவர், அவ்வளவுதான்.

குருவின் பெயர் ஜெபக்கனி. தூத்துக்குடிக்காரர். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் அடுத்தடுத்துச் செய்கிற டிரையத்லான் போட்டிகளில் ஒரு காலத்தில் கலந்துகொண்டவர். இப்போது கிழக்குக் கடற்கரைச் சாலையில், உத்தண்டி தாண்டி ஒரு தகர ஷெட்டில், போட்டிக்காரர்களுக்கு சைக்கிளைப் பொருத்திக் கொடுக்கிறார். பொருத்துவது என்றால், சீட்டின் உயரம், முன்பின், சாய்வு, கைப்பிடியின் தூரம் எல்லாவற்றையும் ஓட்டுகிறவரின் உடம்புக்குத் தக்கபடி நிறுத்துவது.

டிரையத்லான்காரர்கள் நம்மைப் போல நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுகிறவர்கள் இல்லை. காற்று தடுக்கக் கூடாதென்று முழங்கையைக் கைப்பிடிமேல் ஊன்றி, முதுகை மடக்கி, சீட்டின் மூக்கு நுனியில் குந்தி மணிக்கணக்காக மிதிப்பார்கள். மொத்த பாரமும் அந்த நுனியில் இறங்கும். அளவு ஒரு நூல் பிசகினாலும் உடம்பு காட்டிக்கொடுத்துவிடும்.

தணிகாசலம் அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் இருபத்தாறு வருஷம், நுணுக்கமாக அளந்து அச்சும் கருவியும் செய்கிற டூல்ரூமில் இருந்தவர். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்து, "கத்துக்குடுங்க மேடம்" என்று நின்றார். சும்மா சொல்லக் கூடாது, கையில் ஸ்கேல் வந்துவிட்டால் மனுஷனுக்கு வேறு உலகமே தெரியாது. முழங்கால் எத்தனை டிகிரி மடிகிறது என்று கண்ணாலேயே பார்த்துச் சொல்வார். அப்புறம் கருவி வைத்து அளந்தால் அதேதான் இருக்கும்.

"உங்க அளவுல தப்பே வராதுண்ணே," என்றார் ஜெபக்கனி ஒருமுறை.

தணிகாசலத்துக்கு அன்றைக்கு முழுக்கச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

போன வருஷம் தங்கையின் பிரசவத்துக்காக ஜெபக்கனி ஒன்றரை மாதம் ஊருக்குப் போக வேண்டி வந்தது. ஷெட் சாவியைத் தணிகாசலத்திடம் கொடுத்துவிட்டுப் போனார். அந்த ஒன்றரை மாதத்தில்தான் தேவிகா வந்தாள்.

தேவிகா கோவளம் குப்பத்துப் பெண். இருபத்தைந்து வயது. மாநிலத் தேர்வுப் போட்டிக்கு இன்னும் ஐந்து வாரம். முதல் மூன்று பேருக்குள் வந்துவிட்டால் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை. அந்த வீட்டில் மாதச் சம்பளம் வாங்கியவர் என்று ஒருவர் கிடையாது. இந்தத் தடவை விட்டால், அடுத்த தேர்வுக்குள் வயது தாண்டிவிடும்.

"என்னம்மா பிரச்சனை?"

"முட்டி வலி சார்."

"எந்த முட்டி?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "ரெண்டும்."

"முன்பக்கமா, பின்பக்கமா?"

"முன்பக்கம் சார்."

முட்டியின் முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்வாக இருக்கிறது என்று அர்த்தம். இந்தத் தொழிலில் அது அரிச்சுவடி. தணிகாசலம் அவளை ஏறி மிதிக்கச் சொல்லி அளந்தார். அளவு சரியாக இருந்தது. திரும்ப அளந்தார். அப்போதும் சரியாகவே இருந்தது. ஆனால் பெண் வலி என்கிறாளே! அவள் உடம்புவாகுக்கு இன்னும் கொஞ்சம் வேண்டும்போல என்று முடிவு பண்ணி, நாலு மில்லிமீட்டர் ஏற்றினார்.

"உட்காரும்மா, டீ குடிச்சிட்டுப் போ."

"பரவால்ல சார்." நின்றுகொண்டே குடித்தாள்.

"இந்தக் காலத்துல பெரியவங்க எதிர்ல உட்காராம நிக்கற பொண்ணு எங்க இருக்கு?" என்று அன்றைக்கு வீட்டில் பெண்டாட்டியிடம் சொன்னார். நல்ல வளர்ப்பு என்று மனசுக்கு நிறைவாக இருந்தது.

பத்து நாளில் தேவிகா திரும்ப வந்தாள். முகம் வாடியிருந்தது. பயிற்சி அதிகம் என்று நினைத்துக்கொண்டார்.

"குறையல சார்."

"அதே முட்டிதானா?"

"ம்."

இன்னும் மூன்று ஏற்றினார். அன்றைக்கும் நாற்காலியை இழுத்துப் போட்டார், அன்றைக்கும் அவள் உட்காரவில்லை.

போட்டிக்கு நாலு நாள் முன்னால் தணிகாசலமே போன் பண்ணிக் கேட்டார்.

"இப்ப எப்படிம்மா இருக்கு?"

"சரியாயிடுச்சு சார். ஒண்ணும் இல்ல."

"ஒருவாட்டி வந்துட்டுப் போயேன், செக் பண்ணிடலாம்."

"ஐயோ, வேணாம் சார்!"

அந்த 'ஐயோ' அவர் காதில் சரியாக விழுந்தது. ஆனாலும் அவசரத்தில் இருக்கிறாள் என்றுதான் நினைத்தார். இந்த மனுஷர் சீட்டைத் தொடத் தொட வலி ஏறுகிறது, இனி தொடாமல் விட்டாலே போதும் சாமி என்று அவள் பயந்துபோயிருந்தது பின்னால் தெரியவந்தது. போனை வைத்த கையோடு தணிகாசலம் ஊருக்கு அடித்து, "ஒரு முட்டி வலி கேஸ் மேடம், நானே முடிச்சிட்டேன்," என்று சொல்லி மகிழ்ந்தார்.

போட்டியன்று அவரும் போயிருந்தார். தேவிகா கடலிலிருந்து முதல் ஆளாக வெளியே வந்தாள். நாற்பது கிலோமீட்டர் சைக்கிளில் போய், இரண்டாவதாகத் திரும்பினாள். தணிகாசலம் கை தட்டினார். சைக்கிளை நிறுத்திவிட்டு ஓட வேண்டிய இடத்தில் அவள் காலைத் தூக்கி இறங்கினாள். இறங்கியவள் அப்படியே மடிந்து விழுந்தாள். சீட்டில் ரத்தமும் சீழும் இருந்தன.

ஆஸ்பத்திரியில் இரண்டு தடவை அறுத்தார்கள். தொடை இடுக்கில் சீட் அழுத்திய இடம் புண்ணாகி, புண் கட்டியாகி, கட்டி உள்ளுக்குள்ளேயே புரையோடியிருந்தது. அந்தப் புண்ணோடுதான் உப்புத் தண்ணீரில் நீந்தியிருக்கிறாள், அந்தப் புண்மேல் உட்கார்ந்துதான் மிதித்திருக்கிறாள். இன்னும் ஒரு நாள் போயிருந்தால் விஷம் ரத்தத்தில் ஏறி ஆளே மிஞ்சியிருக்க மாட்டாள் என்றார் டாக்டர். மறுபடி சைக்கிள் ஓட்டுவாளா என்று தணிகாசலம் கேட்டதற்கு, "முதல்ல உட்காரட்டும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

வராந்தாவில் தேவிகாவின் அம்மா காசியம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"எங்கிட்டயே சொல்லல சார். பெத்தவ நானு. ஒரு மாசமா அவ துணிய அவளே தொவச்சிக்கினா. அம்மா மேல இவ்ளோ பாசமான்னு சந்தோஷப்பட்டேன் சார், பாவி நான்."

தணிகாசலம் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார். அன்றிலிருந்து அவருக்குச் சோறும் இல்லை, தூக்கமும் இல்லை. ஷெட்டைத் திறக்கவும் கை வரவில்லை.

ஜெபக்கனி ஊரிலிருந்து வந்ததும் நேராக ஆஸ்பத்திரிக்குத்தான் போனார். அங்கிருந்து தேவிகாவின் சைக்கிளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஷெட்டுக்கு வந்தார். வாசலில் தணிகாசலம் காத்திருந்தார்.

"மேடம், ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். என் மேல தப்பா?"

ஜெபக்கனி சைக்கிளை இறக்கி உள்ளே தள்ளிக்கொண்டு போனார். இவர் பின்னாலேயே போனார்.

"மொத்தம் எவ்வளவு ஏத்துனீங்க?"

"ஏழு எம்.எம்."

"ஏத்துறதுக்கு முன்னால அளவு எப்படி இருந்துச்சு?"

"சரியா இருந்தது."

"சரியா இருந்ததை எதுக்கு ஏத்துனீங்க?"

"வலிக்குதுன்னு சொன்னா மேடம். முட்டி முன்பக்கம்னு சொன்னா. நீங்களா இருந்தாலும் அதைத்தானே செஞ்சிருப்பீங்க?"

"நொண்டுனாளா?"

"இல்ல."

"உட்காரச் சொன்னீங்களா?"

"சொன்னேன். ரெண்டு வாட்டியும் சொன்னேன். நின்னுக்கிட்டேதான் டீ குடிச்சா. மரியாதை தெரிஞ்ச பொண்ணு..."

சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார். ஜெபக்கனி அவரைப் பார்க்கவில்லை. சீட்டில் காய்ந்திருந்ததை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அது லேசில் போகவில்லை.

தணிகாசலத்துக்குத் துக்கமும் கோபமும் ஒன்றாகப் பொங்கிவிட்டது.

"நான் என்ன பண்ணியிருக்கணும், நீங்களே சொல்லுங்க! பெத்த தாய்கிட்டயே அவ சொல்லல. என்கிட்ட எப்படிச் சொல்லுவா? நான் ஆம்பள. அவ அப்பன் வயசு எனக்கு. வயசுப் பொண்ணைப் பார்த்து, எந்த இடத்துலம்மா வலிக்குது, அங்கயான்னு நான் கேக்க முடியுமா? கேட்டா என்னை என்னன்னு நினைப்பா? அவதான் வாயத் தொறந்து சொல்லியிருக்கணும். பொய் சொன்னது அவ மேடம். நான் மனசறிஞ்சு ஒரு கெடுதலும் பண்ணல."

"ம்."

"தப்பு உங்க மேல இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அது போதும். வீட்டுக்குப் போய்ப் படுத்துத் தூங்கிடுவேன்."

ஜெபக்கனி துணியை வாளியில் போட்டார். சைக்கிளின் பின்சக்கரத்தை, நின்ற இடத்திலேயே மிதிக்கிற ஸ்டாண்டில் மாட்டினார். தணிகாசலமும் தேவிகாவும் ஏறக்குறைய ஒரே உயரம். இவர் காலை அளந்து, இவருக்குச் சரியான உயரம் எதுவோ அதற்கு மேல் ஏழு மில்லிமீட்டர் வைத்துத் திருகினார்.

"ஏறுங்கண்ணே."

"நானா?"

"ஒரு மணி நேரம் மிதிங்க. முழங்கைய முன்னால ஊன்றிக்கிடுங்க. எந்திரிக்கக் கூடாது."

குரு சொல்லைத் தட்டி அவருக்குப் பழக்கமில்லை. ஏறினார்.

முதல் பத்து நிமிஷம் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் மிதி கீழே போகும்போதெல்லாம் இடுப்பு அந்தப் பக்கம் ஒருதரம் இந்தப் பக்கம் ஒருதரம் சரிந்தது. சரியும்போதெல்லாம் சீட்டின் மூக்கு தேய்த்தது. இருபது நிமிஷத்தில் எரிய ஆரம்பித்தது. சொல்லக் கூச்சமான இடத்தில் எரிந்தது. பின்னால் நகர்ந்து பார்த்தார், முழங்கை எட்டவில்லை. முன்னால் வந்தார், இன்னும் அழுத்தியது. வெளியே உச்சி வெயில், தகரம் கொதித்தது. ஜெபக்கனி எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாற்பது நிமிஷத்தில் பல்லைக் கடித்தார். இந்தப் பெண் தினம் மூன்று மணி நேரம் இதன்மேல் உட்கார்ந்தாளே என்று நினைத்தபோது கண் கலங்கியது. வியர்வை என்று தோளில் துடைத்துக்கொண்டார். அப்புறம் எரிச்சல் போய் அந்த இடமே மரத்துப்போனது. தன் உடம்பில் அப்படி ஒரு பாகம் இல்லாத மாதிரி இருந்தது. அதுதான் அவருக்கு ரொம்பப் பயமாக இருந்தது.

ஒரு மணி நேரம் ஆனது.

"போதும்ணே. இறங்காதீங்க, அப்படியே இருங்க." ஜெபக்கனி எழுந்து பக்கத்தில் வந்தார். கேட்கிற விதத்தில்தான் கேட்டார், அதட்டலும் இல்லை கேலியும் இல்லை. "எங்க வலிக்குது?"

தணிகாசலம் வாயைத் திறந்தார். உடம்பில் எலும்புக்கு எலும்பு பெயர் தெரிந்த மனிதர். இரண்டு பிள்ளை பெற்றவர். எதிரே நிற்பது ஒன்றரை வருஷமாகக் கூட வேலை பார்க்கிற பெண், கூடப்பிறந்த தங்கச்சி மாதிரி. அவர் பார்வை அந்த முகத்திலிருந்து நழுவித் தரைக்குப் போனது.

"முட்டிதான் மேடம்," என்றார். "முட்டி லேசா வலிக்குது."

சொல்லி முடித்த பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. ஷெட்டில் சக்கரம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் தலை நிமிரவில்லை.

ஜெபக்கனி மேஜையிலிருந்து சீட்டைத் திருகுகிற ஆலன் கீயை எடுத்தார். சைக்கிளுக்குப் பக்கத்தில் மண்டியிட்டார்.

"சரிண்ணே," என்றார். "சீட்ட இன்னும் கொஞ்சம் ஏத்திடுறேன்."