மூன்று மாடித் துணி

"டீச்சர், வெட்டிடவா?" என்று கேட்டாள் மங்களேஸ்வரி.

கையில் கத்தரிக்கோல்.

அரசு மருத்துவமனையின் கூடத்தில், மூன்றாம் மாடிக் கூரையிலிருந்து தரைக்கு இரண்டு சாண் மேல்வரை அவள் நெய்த துணி தொங்கியது. உச்சியில் மழைக்கு முந்திய வானத்தின் நிறம். இறங்க இறங்க மண்ணின் நிறம். ஓராண்டு வேலை. நாளைக் காலை பத்து மணிக்குத் திறப்பு விழா.

சபூரா டீச்சர் அவளைவிட ஒன்பது வயது இளையவர். ஓய்வு பெற்ற பிறகு நெசவு கற்க வந்த மங்களேஸ்வரிக்கு அவர்தான் குரு.

"எதை வெட்டப் போறீங்க?"

"கீழ் ஓரத்தை. பாருங்களேன்."

டீச்சர் குனிந்து பார்த்தார்.

பெரிய துணி தன் எடையிலேயே சில நாள் நீளும். நீண்டு நின்ற பிறகுதான் ஓரத்துக்கு முடிச்சுப் போட வேண்டும். அதனால் நீளவாக்கில் ஓடும் பாவு நூல்களின் முனைகளை அப்படியே விட்டிருந்தாள். குஞ்சம்போல ஆயிரம் முனைகள்.

துணியைத் தொங்கவிட்ட ஒன்பது நாளில் அவற்றில் பாதியை யார் யாரோ முடிந்துவிட்டார்கள். ஒன்றில் மஞ்சள் துணி. ஒன்றில் வாடிய கனகாம்பரம். ஒன்றில் சுருட்டி வைத்த வார்டு சீட்டு.

"ஓரம் சுத்தமா இல்லேன்னா இறக்கிடுவேன்னு டீன் சொல்லிட்டார், டீச்சர். எல்லா முடிச்சையும் வெட்டிட்டு ஒரு பட்டை வச்சுத் தைச்சுட்டா..."

"வெட்டுங்க."

"வெட்டலாமா?"

"முடிச்சுப் போட்டவங்களைக் கேட்டுட்டு வெட்டுங்க."

பெஞ்சில் ஒரு பெண் தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடைசி முடிச்சை அவள் போட்டதை மங்களேஸ்வரி பார்த்திருந்தாள்.

"ஏம்மா, இதை நீங்கதானே முடிஞ்சீங்க?"

"ஆமாக்கா. ஏன், நூல் உங்க வீட்டு நூலா?"

"நான் நெய்த துணிம்மா இது."

"அய்யோ, நீங்கதானா? நல்லாத்தான் நெய்ஞ்சிருக்கீங்க. ஆனா அடியில இப்படியா அம்போன்னு விடுவாங்க? அதான் ஆளாளுக்கு முடிஞ்சோம்."

சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

"எங்க வீட்டுக்காரரு ஆபரேஷன் முடிஞ்சு நாலு நாளாக் கண்ணு திறக்கல. வேண்டிக்கிட்டுக் கட்ட இங்க மரமா இருக்கு? அந்தக் கத்திரியை முதல்ல உள்ள வைங்கக்கா."

மங்களேஸ்வரி கத்தரிக்கோலைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"அவர் எழுந்துட்டார்னா?"

"நானே வந்து அவுப்பேன். வேற யாரும் தொடக் கூடாது."

மங்களேஸ்வரி டீச்சரிடம் ஓடி வந்தாள்.

"இது அதைவிட மோசம் டீச்சர். ஒவ்வொருத்தரா வந்து அவிழ்ப்பாங்களாம். முடிச்சு இல்லாத இடத்துல குறுக்கே போற ஊடு நூல் நிக்குமா? கழண்டு கழண்டு வந்துடாதா? நாளைக்குப் பத்து மணி வரைக்குமாவது தாங்குமா?"

டீச்சர் பெஞ்சில் உட்கார்ந்தார். துணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏதாவது சொல்லுங்களேன்."

டீச்சரின் பார்வை படிக்கட்டுக்குப் போனது.

படிக்கட்டில் ஒரு கிழவர் இறங்கி வந்தார். ஒரு கையில் மருந்துப் பை. மறு கை மகளின் தோளில். துணியின் அருகே நின்று நூல் நூலாகத் தேடினார்.

"இதுதான்ப்பா, பச்சை வளையல் கட்டினது," என்றாள் மகள்.

"அது உன் கண்ணுக்குத்தான் தெரியுது. நீ முடிஞ்சதை நீயே அவு."

முடிச்சு இறுகியிருந்தது. மகள் பல்லால் கடித்து இழுத்தாள். "பல்லு போயிடப் போகுது. அப்புறம் அதுக்கு ஒரு வார்டுல படுக்கணும்," என்றார் கிழவர். முடிச்சு அவிழ்ந்தது. வளையலை அவள் கையில் போட்டுக்கொண்டாள். இருவரும் வாசலைத் தாண்டி வெயிலுக்குள் போனார்கள்.

அந்த இடத்தில் மூன்று இழை ஊடு நூல் நழுவியது. மண் நிற நூல் தரையில் வளைந்து விழுந்தது.

மங்களேஸ்வரி மண்டியிட்டாள். இரண்டு கைகளாலும் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"டீச்சர், கழலுது! பாருங்க, கழலுது!"

"ஆமா," என்றார் சபூரா டீச்சர். "ஒருத்தர் வீட்டுக்குப் போயிட்டார்."