தரையில் சொட்டாத எண்ணெய்

முடிவில் உங்களைத்தான் தீர்ப்புக் கேட்கப் போகிறேன். ஆகையால் நடந்ததை நடந்த வரிசையிலேயே சொல்லிவிடுகிறேன்.

போடிக்கு மேற்கே, தார்ச் சாலை முடியும் இடத்திலிருந்து செம்மூக்குமேட்டு ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஒரு மலைப்பாதை ஏறுகிறது. பாதை என்பது மரியாதைக்குச் சொல்வது. பாதித் தூரம் வெறும் பாறை. அதில் ஜீப் ஓட்டி ஆட்களை ஏற்றி இறக்குவது ஒச்சம்மாவின் பிழைப்பு. முந்தின மழைக்காலத்தில் ஒரு கல் ஜீப்பின் வயிற்றில் இடித்து, இன்ஜின் எண்ணெயைத் தாங்கும் தொட்டி உடைந்து, வண்டி ஒன்பது நாள் மலையிலேயே கிடந்தது. அந்த ஒன்பது நாளும் தோட்டத்துக்கு அரிசி தலைச்சுமையாகத்தான் போயிற்று. பிறகு அவள் வெல்டிங் பட்டறை சத்தாரிடம் போய், தொட்டிக்குக் கீழே கனத்த இரும்புத் தகடு ஒன்றை மாட்டிக்கொண்டாள்.

சத்தார் அந்தத் தகட்டின் நான்கு விளிம்பையும் தாம்பாளம் போல மேலே மடித்திருந்தார். மாட்டுவதற்கு முன்னால், "நடுவுல ரெண்டு ஓட்டை போட்டுரட்டுமாம்மா?" என்று கேட்டார்.

"வேணாம்ணே. குச்சி கிச்சி குத்தி உள்ள ஏறிரும்" என்றாள் ஒச்சம்மா. அவர் அப்படியே மாட்டிக் கொடுத்தார். அந்த வருஷம் முழுவதும் தகடு எத்தனையோ அடி வாங்கியது. தொட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஐப்பசியில் ஒரு நாள் காலை, ஏலக்காய் எடுத்துக்கொண்டிருந்த பவளக்கொடியைக் கதண்டுகள் கொட்டின. மலைக்குளவிதான், ஒன்றிரண்டு அல்ல, ஒரு கூடே கலைந்து வந்தது. முகம் வீங்கி மூச்சு இழுக்க ஆரம்பித்தது. நல்ல வேளையாகக் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட நர்ஸ் ஜெபமணி அன்று மேலே வந்திருந்தார். அவர் ஓர் ஊசி போட்டதில் மூச்சு கொஞ்சம் தணிந்தது.

"இது தற்காலிகம்தான். ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஆம்புலன்ஸ்ல ஏத்தியாகணும்" என்றார் நர்ஸ். ஆம்புலன்ஸ் தார்ச் சாலை வரைதான் வரும். பவளக்கொடியை நர்ஸ் மேல் சாய்த்து ஜீப்பில் உட்கார வைத்தார்கள். அவள் கணவன் பெத்தணன் முன்னால் ஏறிக்கொண்டான்.

பாதி வழியில், வழுக்குப்பாறை இறக்கத்தில், பின் சக்கரம் சறுக்கி வண்டி ஒரு கல்லின் மேல் தொம்மென்று உட்கார்ந்தது. ஒச்சம்மா மெதுவாக வண்டியைக் கல்லிலிருந்து இறக்கி, பத்தடி தள்ளி நிறுத்தி, இன்ஜினை அணைத்தாள். சக்கரங்கள் உருளாதபடி அண்டைக்கல் கொடுத்துவிட்டு, குனிந்து பார்த்தாள். தகடு மேல் நோக்கி நசுங்கித் தொட்டியை ஒட்டிக்கொண்டிருந்தது. எண்ணெய் அளவுக் கம்பியை உருவிப் பார்த்தாள். வண்டி மூக்குக் குத்தி நின்றதால் அது காட்டிய அளவை நம்ப முடியவில்லை. எண்ணெய் குறைந்தால் எரிய வேண்டிய விளக்கோ இரண்டு வருஷமாக எரிவதில்லை.

பெத்தணனும் இறங்கிக் குனிந்து பார்த்தான். வண்டி இடித்த கல்லிலும் எண்ணெய் இல்லை. வந்த தடத்திலும் இல்லை.

"தரையப் பாருக்கா. ஒரு சொட்டு ஒழுகல. தகடு தாங்கிக்கிருச்சு. எடு வண்டிய. அரை மணியில கீழ போயிரலாம்."

நர்ஸ் உள்ளேயிருந்து சொன்னார்: "வண்டிய நம்ப வேண்டாம். இன்னும் கீழே போய் நின்னுட்டா, கூப்பிட்ட குரலுக்கு ஆள் வராது. இங்கே பக்கத்துத் தோட்டத்துல நாலு பேர் இருக்காங்க. நாற்காலியில உட்கார வச்சுத் தூக்கிட்டுப் போனா ஒரு மணி நேரம். நேரமானாலும் நிச்சயம்."

ஒச்சம்மா ஸ்பானர் பையை எடுத்தாள். "தகட்டோட பின்பக்கத்து ரெண்டு போல்ட்ட மட்டும் தளர்த்திப் பாக்குறேன். அஞ்சு நிமிஷம்."

"காவலுக்கு இருக்கிறதும் அது ஒண்ணுதான். அதையும் கழட்டுறியே" என்றான் பெத்தணன். உள்ளே பவளக்கொடியின் மூச்சு மறுபடி விசில் போலக் கேட்க ஆரம்பித்திருந்தது.

மூவருமே அவள் உயிருக்காகத்தான் பேசினார்கள். உடனே கிளம்பு என்றான் ஒருவன். இறங்கித் தூக்கு என்றார் ஒருவர். நின்று பார்க்கிறேன் என்றாள் ஒருத்தி. இந்த மூவரில் யார் சொன்னது சரி?

விடை இது. ஒச்சம்மா சொன்னதே சரி. விளிம்பு மடித்த, ஓட்டையில்லாத தகடு ஒரு தட்டு. தொட்டி விரிசல் விட்டாலும் எண்ணெய் அதில் தேங்குமே தவிர, உடனே தரைக்கு வராது. ஆகவே பெத்தணன் தரையைப் பார்த்தது ஒன்றையும் நிரூபிக்கவில்லை. நர்ஸ் சொன்னதில் தவறில்லை; ஆனால் அந்த ஐந்து நிமிஷம் போனாலும் தூக்கிப் போக நேரம் மிச்சமிருந்தது. தூக்கிக்கொண்டு பாதி தூரம் போன பிறகு, வண்டி நன்றாகத்தான் இருந்தது என்று தெரிந்தால் பயனில்லை.

பெத்தணன் ஏசிக்கொண்டே ஸ்பானர்களை எடுத்துக் கொடுக்க, அவள் போல்ட்டைத் தளர்த்தினாள். தகட்டிலிருந்து கறுப்பாக எண்ணெய் கொட்டியது. அப்படியே ஓட்டியிருந்தால் அடுத்த வளைவு வருமுன் இன்ஜின் எண்ணெயில்லாமல் இறுகி நின்றுபோயிருக்கும். தகட்டைக் கழற்றிப் போட்டார்கள். தொட்டியில் மயிரிழை போல ஒரு விரிசல். ஒச்சம்மாவின் கை அங்கே எட்டவில்லை. பெத்தணன் படுத்து, வண்டியில் கிடந்த குளியல் சோப்பைப் பிசைந்து அப்பி, விரிசலை அடைத்தான். அவள் கையிருப்பு எண்ணெயை ஊற்றினாள். அவன் முன்னால் நடந்து கற்களைப் புரட்டிப் போட, வண்டி பின்னால் ஊர்ந்தது. ஐம்பது நிமிஷத்தில் ஆம்புலன்ஸ் நின்ற இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். பவளக்கொடி பிழைத்தாள்.

மூன்றாம் நாள் அவளை அழைத்து வரும்போது பெத்தணன், "அன்னைக்கு உன்ன ரொம்ப ஏசிட்டேன்க்கா" என்றான்.

"ஏசிக்கிட்டேதான, கேட்ட சாமானையெல்லாம் எடுத்துக் குடுத்த" என்று சொல்லிவிட்டு, ஒச்சம்மா கியரை மாற்றினாள்.