வெடிக்காமல் கிடந்த வெடி

தென்காசிப் பக்கம் சிறிய ஆசிரமம் ஒன்றை யோகாம்பாள் அம்மா நடத்திவந்தார். அவருடைய சீடர் மருதப்பன் வயதில் அவரைவிட மூத்தவர். லாரி ஓட்டியவர். மனைவி இறந்த பிறகு வீட்டைப் பூட்டிவிட்டு அங்கே வந்து சேர்ந்தார்.

"எனக்கு இப்போ எதுக்குமே பயமில்லம்மா" என்று அடிக்கடி சொல்வார்.

அம்மா அதற்குப் பதில் சொன்னதே இல்லை.

தீபாவளியன்று காலை அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் ஆசிரம முற்றத்துக்கு வெடி போட வந்தார்கள். அம்மா ஒரு வாளி நிறையத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். தொளதொளவென்று பட்டுப்பாவாடை கட்டி வந்த சிறுமியைத் தள்ளி உட்காரவைத்து, கையில் முறுக்கு கொடுத்தார்.

மருதப்பன் ஓர் அணுகுண்டைப் பற்றவைத்தார். திரி சீறியது. பிறகு அடங்கிவிட்டது. பிள்ளைகள் காதிலிருந்து கையை எடுத்தார்கள்.

"யாரும் கிட்ட வராதீங்க. நான் பாத்துக்கிடுதேன்" என்றவர், நேரே போய் வெடியின்மேல் குனிந்தார்.

அம்மா ஓடி அங்கே யாரும் பார்த்ததில்லை. அன்று ஓடினார். மருதப்பனின் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். இழுத்த வேகத்தில் இருவரும் விழுந்தார்கள். அம்மாவின் முழங்கை சிராய்த்து ரத்தம் கசிந்தது. எழுந்து, வாளித் தண்ணீரை எட்ட நின்றே அந்த வெடிமேல் வீசினார்.

வெடி நனைந்து கிடந்தது. மருதப்பனுக்கு முகம் சுண்டிப்போயிற்று.

"அது செத்த வெடிம்மா."

"இருக்கலாம்."

"வெடிச்சாத்தான் என்ன? எனக்குன்னு அழ யாரு இருக்கா?"

அம்மா காலி வாளியைக் கீழே வைக்கப் போனார். அதன் பிடி கடகடவென்று ஆடியது. மருதப்பன் அப்போதுதான் கவனித்தார்.

"உங்க கை நடுங்குதேம்மா."

"ஆமா."

"பயத்தை விடணும்னு நீங்கதானே சொல்லிக்கொடுத்தீங்க? உங்களுக்கே பயமா?"

அம்மா முழங்கை ரத்தத்தை முந்தானையால் ஒற்றிக்கொண்டார்.

"என் உயிரைப் பத்தின பயத்தை எப்பவோ விட்டாச்சு, மருதப்பன். உங்க உயிரைப் பத்தின பயத்தை எப்படி விடுறதுன்னு எனக்குத் தெரியலை."